கைக்குள் உலகம்: மெடிக்கல் ஷாப் அண்ணன் கேட்ட கேள்வியை ஆப் கேட்குமா?

மாதத்தின் முதல் வாரம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மெடிக்கல் ஷாப். 68 வயதுப் பெரியவர் ஒருவர், காலியான மாத்திரை அட்டையைக் கவுன்டரில் வைக்கிறார்.

"தம்பி, இதுல ஒரு மாசத்துக்குக் கொடுப்பா."

அட்டையைத் திருப்பிப் பார்க்கும் கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. "ஐயா, போன மாசம் 40 பவர்தானே வாங்கினீங்க... இது 80 ஆச்சே. டாக்டர் மாத்திட்டாரா?"

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கிறார். "இல்லையேப்பா... இது வீட்டுல அம்மாவோடது. மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன் போலிருக்கு."

பத்து நொடிப் பேச்சு. ஒரு மாதம் முழுக்க இரண்டு மடங்கு பிரஷர் மாத்திரை விழுங்கியிருக்க வேண்டியவர் தப்பித்தார்.

இப்போது அதே வீடு, வேறு காட்சி. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், மதிய இடைவேளையில் அப்பாவுக்கு போன் போடுகிறார். "அப்பா, மாத்திரை முடிஞ்சிடுச்சா? அட்டையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புங்க. நான் ஆர்டர் போட்டுடறேன்." அதே தவறான அட்டைதான் போட்டோவாக வருகிறது. மகள் ஆப்பைத் திறக்கிறார். பெயரைத் தட்டுகிறார். 80 பவர் மாத்திரை கார்ட்டில் விழுகிறது. வழியெல்லாம் ஆப் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறது. "இன்னும் 120 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம், வாங்குகிறீர்களா?" "புரோட்டீன் பவுடர் சேர்க்கலாமா?" "மெம்பர்ஷிப் எடுத்தால் கூடுதல் தள்ளுபடி, எடுக்கிறீர்களா?"

எல்லாம் கேட்டது. கடைக்காரர் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், வெளியூர்ப் பிள்ளைகளும் சொந்த ஊர்ப் பெற்றோரும் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. மருந்து விற்கும் நிறுவனங்கள் அவ்வப்போது தங்கள் ஆப்பைப் புதுப்பிக்கின்றன. நிறம் மாறுகிறது, ஐகான் மாறுகிறது, முகப்பில் பேனர் மாறுகிறது. மாற வேண்டியது அதுதானா? ஒரு மருந்துக்கடை ஆப்பை முதலிலிருந்து திருத்தி அமைப்பதென்றால், எங்கே கை வைக்க வேண்டும்? ஒவ்வொரு ஸ்க்ரீனாகப் பார்ப்போம்.

துணிக்கடை அச்சில் வார்த்த மருந்துக்கடை

ஆன்லைன் வணிகத்தின் பால பாடம் வேகம். ஒரே க்ளிக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் நிறுவனம் 1999-ல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கியது. வாங்குபவர் யோசிப்பதற்குள் ஆர்டர் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். புடவைக்கும் புத்தகத்துக்கும் அது சரி. பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

இந்தியாவில் 2020-ம் ஆண்டு மருந்து வணிகத்தின் திசையை மாற்றியது. ஊரடங்கு தொடங்கிய சில நாள்களில், மார்ச் 26 அன்று, உரிமம் பெற்ற கடைகள் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அமேசான், பெங்களூரில் மருந்து விற்பனையைத் தொடங்கியது. அதே மாதம், சென்னையைச் சேர்ந்த நெட்மெட்ஸின் தாய் நிறுவனத்தில் பெரும்பங்கை ரிலையன்ஸ் ரீடெய்ல் சுமார் 620 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2021-ல் டாடா குழுமம் 1எம்ஜி நிறுவனத்துக்குள் வந்தது. மளிகையும் துணியும் செல்போனும் விற்றுப் பழகியவர்கள் மருந்துக்கு வந்தார்கள். கூடவே அந்த வணிகத்தின் பழக்கங்களும் வந்தன.

ஆனால், மாத்திரை வாங்குபவர் ஷாப்பிங் போகவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பதை முடிவுசெய்தவர் டாக்டர். பணம் கட்டுவது மகள். விழுங்கப்போவது அப்பா. மூன்று பேருக்கும் நடுவில் ஆப் நிற்கிறது. இதில் ஓர் இடத்தில் தவறு நடந்தாலும் திருப்பி அனுப்ப முடியாத நிலை வரலாம். 2017-ல் உலக சுகாதார நிறுவனம், மருந்துகளில் நடக்கும் தவறுகளைக் குறைப்பதற்காகவே உலக அளவில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இத்தகைய தவறுகளால் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்பது அந்நிறுவனத்தின் அப்போதைய மதிப்பீடு.

பாட்டி மாற்றி விழுங்கிய மாத்திரை

மருந்து வணிகத்தில் வடிவமைப்பு என்றாலே பலரும் நினைவுகூரும் கதை ஒன்று உண்டு. அது ஆப் கதை அல்ல, டப்பா கதை. அமெரிக்காவில் மாத்திரைகளைப் பெரும்பாலும் அட்டையாகக் கொடுப்பதில்லை. எண்ணி, ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டிக் கொடுப்பார்கள். நியூயார்க்கில் டிசைன் படித்துக்கொண்டிருந்த டெபோரா ஆட்லரின் பாட்டி, ஒருநாள் தாத்தாவின் மாத்திரையைத் தன்னுடையது என்று நினைத்து விழுங்கிவிட்டார். குற்றம் பாட்டியின் கண்ணிலா, டப்பாவிலா என்று பேத்தி யோசித்தார். டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தால், கண்ணில் முதலில் படுவது கடையின் பெயரும் சின்னமும். மருந்தின் பெயர் அதற்கும் கீழே, சிறிய எழுத்தில். வளைந்த டப்பா என்பதால், முழு லேபிளையும் படிக்கச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

இதையே தன் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் ஆட்லர். அதை டார்கெட் என்ற சில்லறை வணிக நிறுவனம் ஏற்று, 2005-ல் 'க்ளியர்ஆர்எக்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. தட்டையான முகம் கொண்ட சிவப்பு டப்பா. மூடி கீழே இருக்கும். மருந்தின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம். அப்பாவுக்கு நீலம் என்றால் நீல வளைய டப்பாவை அம்மா தொட மாட்டார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போனது அந்த டப்பா.

2015-ல் டார்கெட்டின் மருந்துக்கடைகளை சிவிஎஸ் என்ற நிறுவனம் 190 கோடி டாலருக்கு வாங்கியது. சிவப்பு டப்பா நின்றுபோனது. பழைய டப்பாவே திரும்பி வந்தது. வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. "எங்கள் டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள்" என்று புகார்கள் எழுந்தன. பிறகு 2017-ல் அதே சிவிஎஸ், அதே ஆட்லரின் வடிவமைப்பில், எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்று ஒரே தாளில் காட்டும் அட்டவணையைக் கொண்டுவந்தது.

ஆப்பைத் திருத்துபவர்களுக்கு இந்தக் கதையில் பாடம் இருக்கிறது. ஆட்லர், விற்பனைக் கணக்கிலிருந்து தொடங்கவில்லை. வீட்டு அலமாரியில் இரண்டு டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதிலிருந்து தொடங்கினார்.

முகப்பு: முதலில் "யாருக்கு?"

ஷாப்பிங் ஆப்பின் முகப்பில் பேனர் ஓடும். மருந்து ஆப்பின் முகப்பிலும் ஓடுகிறது. சன்ஸ்க்ரீன், வைட்டமின், கூந்தல் எண்ணெய் என்று தள்ளுபடி விளம்பரங்கள். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு நான்கு முறை தள்ளிப் பார்க்க வேண்டும்.

திருத்திய முகப்பில் முதலில் இருக்க வேண்டியது குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம். அப்பா என்று தொட்டால், அப்பா வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், அவற்றின் பவர், கடைசியாக வாங்கிய தேதி, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பது மட்டும் தெரிய வேண்டும். ஆட்லரின் நிற வளையம் போனுக்குள் வந்தால் இப்படித்தான் இருக்கும்.

தொடக்கக் காட்சியில் வந்த மகளுக்கு இது இருந்திருந்தால்? அப்பாவின் பக்கத்தில் 80 பவரைச் சேர்க்கப் போகும்போதே, "அப்பா வழக்கமாக வாங்குவது 40. டாக்டர் மாற்றினாரா?" என்று கேட்க ஆப்பிடம் விவரம் இருந்திருக்கும். யாருக்கு என்று தெரியாத ஆப்பால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

தேடல்: மூன்று எழுத்தில் முப்பது மருந்து

தேடும் பெட்டியில் மூன்று எழுத்து தட்டினாலே பட்டியல் விழுகிறது. வசதிதான். ஆபத்தும் அதில்தான். ஹைட்ராலசின் என்பது ரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்சிசின் என்பது அரிப்புக்கு, ஒவ்வாமைக்கு. ஆங்கிலத்தில் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றே. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். இதுபோன்ற இரட்டைப் பெயர்களைப் பிரித்துக் காட்ட, வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தாக அச்சிடும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001-ல் முன்னெடுத்தது. மருத்துவமனைக் கணினிகளுக்கு வந்த அந்தப் பழக்கம் ஷாப்பிங் ஆப்புக்கும் வர வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், வால் எழுத்து. டெல்மிசார்டன் என்ற பிரஷர் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிராண்டு பெயருக்குப் பின்னால் வெறும் எண் இருந்தால் அந்த மருந்து மட்டும். 'ஹெச்' என்று இருந்தால் சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஒன்றும் சேர்ந்தது. 'ஏஎம்' என்றால் ஆம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்தது. ஓர் எழுத்து மாறினால் உடம்புக்குள் போகும் மருந்தே மாறுகிறது. ஆனால், போன் ஸ்க்ரீனில் இடமில்லை என்று பெயரின் கடைசிப் பகுதியைத்தான் ஆப் புள்ளி வைத்து வெட்டுகிறது!

திருத்தம் எளிது. மருந்தின் பெயரை ஒருபோதும் வெட்டக் கூடாது. இரண்டு வரி ஆனாலும் முழுதாக வர வேண்டும். பவர் தனியாக, தடித்த எழுத்தில். உள்ளே என்ன மருந்து என்பது பிராண்டு பெயருக்குக் கீழேயே. மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுத வேண்டும். ஏனென்றால் தைராய்டு மாத்திரை 25, 50, 75, 100 மைக்ரோகிராம் என்று வருகிறது. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதேபோல் '1.0' என்று எழுதக் கூடாது. புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 10 ஆகிவிடும்.

சீட்டு: போட்டோவோடு முடிவதில்லை

அட்டையில் 'ஆர்எக்ஸ்' என்று இருந்தால், அது டாக்டர் சீட்டின் மீது மட்டுமே விற்க வேண்டிய மருந்து. அட்டவணை ஹெச் என்பார்கள். வீரியமிக்க ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் மருந்து என 46 மருந்துகளைத் தனியாகப் பிரித்து, 'ஹெச் 1' என்ற அட்டவணையை 2014 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது மத்திய அரசு. இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆப்பில் இது "சீட்டை அப்லோடு செய்க" என்ற ஒரு பட்டனாகச் சுருங்கிவிடுகிறது. நிழல் விழுந்த, பாதி மடிந்த, தேதி தெரியாத போட்டோவையும் ஆப் வாங்கிக்கொள்கிறது. ஆர்டர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, "சீட்டு தெளிவாக இல்லை, ஆர்டர் ரத்து" என்று மெசேஜ் வருகிறது. அதற்குள் மகள் மீட்டிங்கில் இருக்கிறார். அப்பா இரவு மாத்திரைக்குக் காத்திருக்கிறார்.

வங்கி ஆப்பில் காசோலையைப் படமெடுக்கும்போது, "இன்னும் கொஞ்சம் அருகில்", "வெளிச்சம் போதவில்லை" என்று சொல்லும் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே இங்கே வைக்கலாம். டாக்டர் பெயர், தேதி, நோயாளி பெயர், மருந்து ஆகிய நான்கும் தெரிகிறதா என்று படமெடுத்த அந்த நொடியிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.

அடுத்தது, சீட்டில் டாக்டர் எழுதும் '1-0-1'. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது நமக்குப் பழகிய கணக்கு. ஆப் அதை அப்படியே விடாமல் "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்" என்று தமிழில் எழுதிக் காட்ட வேண்டும். ஆர்டர் போட்டவரே படித்துப் பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும். மருந்தாளுநர் ஒருவர் அதைச் சரிபார்த்தார் என்பதும், சந்தேகம் வந்தால் அவரிடம் பேச ஒரு பட்டனும் அதே ஸ்க்ரீனில் இருக்க வேண்டும். 'உதவி' மெனுவுக்குள் ஐந்தாவது வரியில் ஒளித்து வைக்கும் விஷயம் அல்ல அது.

கார்ட்: இங்கேதான் பிரேக் வேண்டும்

எல்லா மருந்துக்கும் ஆப் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டால், மக்கள் படிக்காமலேயே "ஓகே" தட்டிப் பழகிவிடுவார்கள். அதனால் பிரேக் எங்கே வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒருநாள் மட்டும் சாப்பிடச் சொல்வார்கள். தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பல நாடுகளில் இந்தத் தவறு மரணத்தில் முடிந்திருக்கிறது. 2020-ல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுத அறிவுறுத்தியது. ஆப்பில் இந்த மாத்திரை கார்ட்டுக்கு வந்தால், "வாரம் ஒருமுறை மட்டும். உங்கள் டாக்டர் சொன்ன கிழமை எது?" என்று ஒரு ஸ்க்ரீன் வந்தே ஆக வேண்டும். முடக்குவாதத்துக்கு 30 மாத்திரை ஆர்டர் செய்து, "மாதத்துக்கு ஒன்று" என்று ஆட்டோ ரீஃபில் கேட்டால், மருந்தாளுநர் போன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நம் வீடுகளில் இன்னும் அதிகம் புழங்குவது, இன்சுலின். இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு வேறு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை சரசரவென இறங்கி மயங்கி விழ இது போதும். ஆனால், ஆப்பில் இன்சுலின் ஒரு பக்கம், சிரிஞ்ச் வேறொரு பக்கம். "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று பிஸ்கட்டைக் காட்டத் தெரிந்த ஆப்புக்கு, "நீங்கள் எடுத்த மருந்துக்கு இந்தச் சிரிஞ்ச் பொருந்தாது" என்று சொல்லத் தெரிய வேண்டாமா?

தேவையில்லாத இடத்தில் நிறுத்துவதும் உண்டு. "இன்னும் 5 நிமிடத்தில் ஆஃபர் முடிகிறது" என்று ஓடும் கடிகாரம், கேட்காமலே கார்ட்டில் உட்கார்ந்திருக்கும் மெம்பர்ஷிப், "வேண்டாம், எனக்கு ஆரோக்கியத்தில் அக்கறை இல்லை" என்று குத்திக்காட்டும் பட்டன். இப்படி வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. போலி அவசரம், கூடையில் நைசாகச் சேர்ப்பது, வெட்கப்பட வைப்பது மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த ஆப்பிலும் தவறான இவை, மருந்து ஆப்பில் இன்னும் தவறு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து தேடுபவரிடம் கடிகாரம் ஓட்டுவது வியாபாரமா?

"இது இல்லை, அது இருக்கு"

கேட்ட பிராண்டு இல்லையென்றால், அதே மருந்துள்ள வேறு பிராண்டைக் காட்டுகின்றன ஆப்கள். விலை குறையும் என்பதால் பல குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. மக்கள் மருந்தகங்களுக்காக மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்த 'ஜன் ஔஷதி சுகம்' ஆப், பிராண்டு மருந்துக்கும் ஜெனரிக் மருந்துக்கும் விலை வித்தியாசத்தை ஒப்பிட்டே காட்டுகிறது.

ஆனால், ஒரு விஷயம். டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தன் விருப்பப்படி மாற்றிக் கொடுக்கக் கூடாது. மருந்துகள் விதி 65 அப்படித்தான் சொல்கிறது. எனவே, 'மாற்று' என்ற பட்டனுக்கு முன் மூன்று வரி ஒப்பீடு வேண்டும். ஒன்று, உள்ளே இருக்கும் மருந்து அதேதானா? இரண்டு, பவர் அதேதானா? மூன்று, சாதாரண மாத்திரையா, மெதுவாகக் கரைவதா? சுகருக்கான மெட்ஃபார்மினில் சாதாரணமும் உண்டு, மெதுவாகக் கரைவதும் உண்டு. இந்த மூன்றும் பொருந்தினாலும் இறுதிச் சொல் டாக்டருடையது என்று அதே இடத்தில் எழுத வேண்டும். "டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று ஆர்டரை அப்படியே நிறுத்திவைக்கும் வசதியும் வேண்டும்.

எழுத்து, விரல், மொழி

சாம்பல் நிறப் பின்னணியில் இளம் சாம்பல் எழுத்து. பார்க்க நாகரிகமாக இருக்கிறது. கண்புரை உள்ளவருக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் இணையத்துக்கான அணுகல் விதி. தொடும் பட்டன் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு போன்களுக்கு கூகுள் சொல்லும் கணக்கு. கை நடுங்குபவர் '+' தொடப் போய் '–' தொட்டால் மருந்துக் கணக்கே மாறிவிடும் அல்லவா?

தமிழில் ஆப் வேண்டும் என்றால், மெனுவை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. மருந்துப் பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். அட்டையில் ஆங்கிலம்தானே இருக்கிறது? ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் தேவை. எச்சரிக்கைகள் வீட்டுத் தமிழில் இருக்க வேண்டும். "வாய்வழி உட்கொள்ளவும்" என்பதைவிட "தண்ணீருடன் விழுங்கவும்" புரியும்.

இதையெல்லாம் சோதிக்க ஆயிரம் பேர் வேண்டாம். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ல் எழுதியது, இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. அந்த ஐந்து பேரில் ஒருவராவது, காலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடும் பெரியவராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் 25 வயது ஊழியரை வைத்துச் சோதித்தால், எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பார்சல் வந்த பிறகு

டெலிவரி ஆனதும் ஷாப்பிங் ஆப் "ஐந்து ஸ்டார் கொடுங்கள்" என்று கேட்கும். மருந்து ஆப்புக்கு வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வந்த மருந்தின் பேட்ச் எண், காலாவதி தேதி, காலை-இரவுக் கணக்கு எல்லாம் அப்பாவின் பக்கத்தில் பதிவாக வேண்டும். அட்டையை வெட்டி வெட்டி எடுக்கும்போது, காலாவதி தேதி இருக்கும் பகுதிதான் முதலில் குப்பைக்குப் போகும். ஆப்பில் அது இருந்தால், பாதி அட்டை கிடைத்தாலும் கவலையில்லை.

அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூ.ஆர் குறியீடு கட்டாயம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், காலாவதி எல்லாம் அதில் வரும். அமெரிக்காவில் வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம், டப்பாவில் உள்ள குறியீட்டை போனில் ஸ்கேன் செய்தாலே மறுபடியும் அதே மருந்து ஆர்டர் ஆகும் வசதியை 2010-லேயே கொடுத்துவிட்டது. பெயர் தட்டும் தவறே அங்கே இல்லை. வேகம் வேண்டிய இடம் இதுதான். டாக்டர் மாற்றாத, சீட்டு செல்லுபடியாகும், அதே பவர் மாத்திரையை மறுபடி வாங்குவது.

ஒரு சின்ன விஷயம், நோட்டிஃபிகேஷன். பூட்டிய ஸ்க்ரீனில் மருந்தின் பெயரைப் போடக் கூடாது. மனநல மாத்திரையோ, கருத்தரிப்பு மாத்திரையோ பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டியதில்லை. "உங்கள் ஆர்டர் புறப்பட்டது" என்றால் போதும்.

ஆர்டர் போடும் முன்...

ஆப்கள் திருந்தும் வரை காத்திருக்க முடியாது. இன்றே செய்யக்கூடியவை இவை:

* பழைய அட்டையின் போட்டோவை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். டாக்டர் சீட்டோடு ஒப்பிடுங்கள். பெயர், வால் எழுத்து, பவர் மூன்றும் பொருந்த வேண்டும்.

* அப்பா, அம்மா மருந்துகளைத் தனித்தனி ஆர்டராகப் போடுங்கள். வீட்டில் டப்பாவும் தனித்தனி. மூடியில் வேறு வேறு நிற ரிப்பன் ஒட்டிவிடுங்கள்.

* இன்சுலின் வாங்கினால், பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

* பணம் கட்டும் முன் கார்ட்டை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். நீங்கள் சேர்க்காதது எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

* 'மாற்று மருந்து' என்று வந்தால் டாக்டரிடம் கேட்காமல் தட்டாதீர்கள்.

* பார்சலை டெலிவரி ஆள் போவதற்குள் பிரித்து, காலாவதி தேதியைப் பாருங்கள். பில்லை போட்டோ எடுத்து வையுங்கள்.

* மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், முதல் மாத்திரையை விழுங்கும் முன் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

நிறுவனங்கள் தங்கள் ஆப்பை எதை வைத்து மதிப்பிடுகின்றன என்பதும் முக்கியம். எத்தனை ஆர்டர், எவ்வளவு ரூபாய் என்று மட்டும் எண்ணினால், கடிகாரமும் பேனரும்தான் பெருகும். எத்தனை தவறான ஆர்டர்களைப் பாதியில் பிடித்தோம், எத்தனை முறை மருந்தாளுநர் போன் செய்து கேட்டார் என்று எண்ணத் தொடங்கினால், ஆப்பின் முகமே மாறும்.

அந்த வெளியூர் மகளின் போனுக்குத் திரும்புவோம். 80 பவர் கார்ட்டில் இருக்கிறது. பணம் கட்டும் பட்டனுக்கு மேல் ஒரு வரி வருகிறது: "அப்பா சென்ற மாதம் வாங்கியது 40. இது 80. டாக்டர் மாற்றினாரா?" கீழே இரண்டே பட்டன்கள். ஆம், இல்லை.

மகள் போனை எடுக்கிறார். "அப்பா, டாக்டர் மாத்திரையை மாத்தினாரா?"

"இல்லையேம்மா... ஏன் கேக்கற?"

"சும்மாதான்பா. அந்த அட்டையில யார் பேர் எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க."